சர்ரென்று உறிஞ்சு, சரியாகச் சொல்!

வா தம்பி, வா தங்கச்சி. பக்கத்தில் உட்கார். இன்றைக்கு டீயைப் பற்றிப் பேசப்போகிறோம்.

"டீயில் என்ன மாமா அறிவியல்?" என்று கேட்கிறாயா? கேட்டாயே, அதற்கே உனக்கு ஒரு சபாஷ்!

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி உள்ள ஊர். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை அதன் பக்கமாகத்தான் போகிறது. நெடுஞ்சாலை இருந்தால் டீக்கடை இல்லாமலா? விடியற்காலையிலேயே பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிடும். லாரியை ஓரம் கட்டிவிட்டு ஓட்டுநர்கள் வருவார்கள். தறியில் உட்காருவதற்கு முன்னால் நெசவாளர்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு ருசி.

"மாஸ்டர், எனக்கு ஸ்ட்ராங்கா!"

"எனக்கு லைட்டா, சர்க்கரை கம்மியா."

"எனக்குப் பால் வேணாம், லெமன் டீ."

டீ கைக்கு வந்ததும் பேச்சு தொடங்கும். எந்த ஊர் டீ நல்ல டீ, எந்தத் தூளில் வாசனை அதிகம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதற்கு நடுவில் ஒருவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், தூளை மாத்திட்டீங்களா? நேத்து மாதிரி இல்லையே!" என்பார்.

எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். நேற்றுக் குடித்ததை ஞாபகம் வைத்து, இன்றைக்குக் குடிப்பதோடு ஒப்பிடுகிறார் பார்! விஞ்ஞானி செய்கிற வேலையும் அதுதானே?

ஆனால் ஒரு கேள்வி. அவர் சொல்வது உண்மையா? நிஜமாகவே தூள் மாறியதா? இல்லை, இன்றைக்கு அவருக்கு ஜலதோஷமா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொள். விடாதே. கொஞ்சம் சுற்றிவிட்டு இதற்கு வருவோம்.

முதலில் தேயிலைச் செடியைப் பார்ப்போம். கிரீன் டீ ஒரு செடி, கறுப்பு டீ வேறு செடி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை கண்ணு. எல்லாம் ஒரே செடிதான். அதன் அறிவியல் பெயர் கமேலியா சைனென்சிஸ். ஒரே மரத்து மாங்காய் உன் வீட்டில் மாவடு ஆகிறது, ஊறுகாய் ஆகிறது, வற்றல் ஆகிறது இல்லையா? அப்படித்தான் இதுவும். பறித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து டீ மாறுகிறது.

நீலகிரித் தோட்டங்களில் 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்பார்கள். கிளையின் நுனியில் உள்ள அந்த இளங்கொழுந்தைத்தான் பறிக்க வேண்டும். முற்றிய இலையைப் பறித்தால் டீ நன்றாக வராது. இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். மலைச்சரிவில், குளிரில், மழையில் நின்று செய்கிறார்கள். அவர்களில் பல குடும்பங்களின் கதை நீளமானது. முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். 1964ஆம் ஆண்டு இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் இங்கே திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டான்டீ என்ற நிறுவனம் அப்படி வந்ததுதான். டீயைப் பற்றிப் பேசிவிட்டு அவர்களைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது.

சரி, கொழுந்து ஆலைக்கு வந்துவிட்டது. அங்கே முதலில் அதை வாட்டுவார்கள். அப்புறம் நசுக்குவார்கள். நசுக்கியதும் ஒரு வேடிக்கை நடக்கிறது. பச்சை இலை மெல்ல மெல்லச் செம்பு நிறம் ஆகிறது!

அம்மா வாழைக்காய் நறுக்கும்போது பார்த்திருக்கிறாயா? நறுக்கியதைத் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துவிடும். தேயிலையில் நடப்பதும் அதே வேலைதான். இலைக்குள் பாலிபீனால் என்ற பொருள் இருக்கிறது. நொதி என்ற பொருளும் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறையில் இருக்கும். நசுக்கினால் சுவர் உடைகிறது. இரண்டும் சந்திக்கின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. உடனே புதுப் பொருள்கள் உண்டாகின்றன. ஒன்றின் பெயர் தியாஃபிளேவின். டீக்குப் பொன்னிறமும் சுறுசுறுப்பான ருசியும் தருவது அது. இன்னொன்று தியாருபிஜின். செம்பழுப்பு நிறமும் அழுத்தமும் தருவது.

போதுமான நிறம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்துவார்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். மாற்றம் அத்தோடு நிற்கும். அதுதான் நாம் குடிக்கும் கறுப்பு டீ.

கிரீன் டீக்கு என்ன செய்வார்கள்? நீயே யோசி. ஆமாம், நொதியை முதலிலேயே சூடு காட்டி நிறுத்திவிடுவார்கள். ஜப்பானில் ஆவியில் வேகவைக்கிறார்கள். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். அதனால் இலை பச்சையாகவே இருக்கிறது. சரியாகச் சொன்னாயா? பலே!

டீக்கடைத் தூள் ஏன் குட்டிக் குட்டி உருண்டையாக இருக்கிறது? பல் வைத்த இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் இலை மாட்டிக்கொண்டு நசுங்கும், கிழியும், சுருளும். சி.டி.சி. என்று பாக்கெட்டில் போட்டிருப்பது இதைத்தான். 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் என்பவர் உருவாக்கிய எந்திரம். துண்டு சிறிதாக ஆக ஆக, தண்ணீர் படும் பரப்பு கூடும். நிறமும் ருசியும் சீக்கிரம் இறங்கும். வரிசையாக ஆள் நிற்கும்போது மாஸ்டருக்கு அதுதானே வேண்டும்? அதனால்தான் தமிழ்நாட்டு டீக்கடைகள் 'டஸ்ட்' என்ற மிகப் பொடியான தூளையே விரும்புகின்றன.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பால் இல்லாத டீயை ஒரு வாய் குடித்துப் பார். நாக்கு வறண்ட மாதிரி, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். நாவல்பழம் தின்றால் இருக்குமே, அந்தத் துவர்ப்பு. ஏன் அப்படி? நம் எச்சிலில் புரதங்கள் இருக்கின்றன. அவைதான் வாயை வழவழப்பாக வைத்திருக்கின்றன. டீயில் உள்ள பாலிபீனாலுக்குப் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம். எச்சில் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வழவழப்பு போகிறது. நாக்கு கன்னத்தில் உரசுகிறது. ஆகவே துவர்ப்பு என்பது ருசி என்பதைவிடத் தொடு உணர்ச்சி.

இப்போது அதே டீயில் பால் ஊற்று. துவர்ப்பு குறைந்துவிடும். பாலில் கேசீன் என்ற புரதம் நிறைய இருக்கிறது. டீயின் பாலிபீனால், கிளாஸிலேயே அதைப் பிடித்துக்கொள்கிறது. உன் எச்சில் தப்பித்தது!

இன்னொரு புரதம் சொல்லட்டுமா? பட்டு. ஆமாம், பட்டு நூலே ஒரு புரதம்தான். பட்டுப்புழு சுரக்கும் புரதம். டீ அதையும் விடுமா? பட்டில் டீ சிந்தினால் அந்தக் கறை லேசில் போகாததற்குக் காரணம் இதுதான். தறியில் பாவு பூட்டியிருக்கும்போது பக்கத்தில் டீ கிளாஸைக் கொண்டுபோய்ப் பார், வீட்டில் என்ன சத்தம் வருகிறது என்று! அவர்கள் கோபத்துக்குப் பின்னால் அருமையான வேதியியல் இருக்கிறது. எச்சில், பால், பட்டு. மூன்றிலும் ஒரே விஷயம்தான் நடக்கிறது. புரிகிறதா? புரியவில்லை என்றால் இந்தப் பகுதியை இன்னொரு தடவை படி. நான் காத்திருக்கிறேன்.

படித்தாயிற்றா? நல்லது. இப்போது குன்னூருக்குப் போகலாம்.

நீலகிரியில் உள்ள குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையை முதலில் ருசித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். தேயிலை ருசிப்பாளர்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைக்கூட ருசிப்பார்கள்!

அவர்கள் மேஜையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நீளமான மேஜை. எல்லாக் கோப்பையும் வெள்ளைப் பீங்கான். ஒவ்வொன்றுக்கும் மூடி போட்ட ஒரு குட்டிப் பாத்திரம். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரே எடை தூள். ஒரே அளவு கொதிநீர். மணி பார்த்து ஒரே நேரம் ஊறவிட்டு வடிப்பார்கள். ஊறிய இலையை மூடியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் வைப்பார்கள். காய்ந்த தூள், ஊறிய இலை, டீ என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் அளவுகூட இருக்கிறது. 1980ஆம் ஆண்டு பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டது. 100 மில்லி லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள். 6 நிமிடம். இது நல்ல டீ போடும் முறை என்று நினைக்காதே. ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சமமாக இருந்தால்தான் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

பிறகு ஒரு கரண்டி டீயை எடுத்து, சர்ர்ர்ரென்று சத்தமாக உறிஞ்சுவார்கள். வாயில் ஒரு சுற்று சுற்றி, பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார்கள். வீட்டில் நீ இப்படி உறிஞ்சினால் அதட்டு விழும். அங்கே அதுதான் தொழில்!

ஏன் அந்தச் சத்தம்? வீட்டில் ஒரு சீரக மிட்டாய் எடுத்துக்கொள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லு. இனிப்பு மட்டும்தான் தெரியும். இப்போது மூக்கை விடு. குப்பென்று சீரக வாசனை வரும்! நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு 'உமாமி' என்ற ஒரு கறிச்சுவை. அவ்வளவுதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. வாய்க்குப் பின்னால் தொண்டை வழியாக மூக்குக்கு ஒரு பாதை இருக்கிறது. சர்ரென்று உறிஞ்சும்போது டீ பொடிப் பொடித் துளியாகச் சிதறுகிறது. காற்றோடு கலந்து அந்தப் பாதை வழியாக வாசனை மேலே ஏறுகிறது. ஜலதோஷம் பிடித்த அன்று சாம்பார்கூடச் சப்பென்று இருப்பது இதனால்தான்.

நல்ல நீலகிரி டீயில் பூ வாசனை வரும் என்பார்கள். அது வெறும் பேச்சு இல்லை. லினலூல் என்ற ஒரு வாசனைப் பொருள் தேயிலையிலும் இருக்கிறது, மல்லிகையிலும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மலையில் பனி கொட்டும். செடி மெல்ல வளரும். அந்தக் கொழுந்தில் வாசனை கூடுதல். இலங்கையிலும் அப்படித்தான். நுவரெலியா போன்ற உயரமான மலையில் விளைந்தது மணமும் மென்மையுமாக இருக்கும். தாழ்ந்த பகுதியில் விளைந்தது கறுத்து, அழுத்தமாக இருக்கும். அங்குள்ள தமிழர்கள் 'தேத்தண்ணி' என்பார்கள். பால் இல்லாததற்கு 'பிளேன் டீ' என்று பெயர்.

இன்னும் ஒரு விஷயம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அதனால் தண்ணீர் அங்கே சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தாமலில் ஏறத்தாழ 100 டிகிரி. ஒரே பாக்கெட் தூளை இரண்டு ஊரிலும் போட்டால் ஒரே டீ வருமா? வராது! கொதிநீரின் சூடு வேறு. தண்ணீரும் வேறு. நம் ஊரில் பல கிணறுகளின் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீர். அதில் டீ மங்கலாகி, மேலே மெல்லிய ஏடு படியும்.

சரி. கையில் பிடித்திருந்த கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "தூளை மாத்திட்டீங்களா மாஸ்டர்?" என்றவர். அவரை எப்படிச் சோதிப்பது?

டீயைக் கண்டுபிடிக்கும் போட்டி பழைய விளையாட்டு. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் 'தோச்சா' என்று ஒன்று இருந்தது. எந்தக் கோப்பையில் எந்த ஊர் டீ என்று குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னவருக்குப் பரிசு உண்டு.

1920களில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே மூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆராய்ச்சியாளர் இருந்தார். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, முதலில் டீ ஊற்றினார்களா என்று தன்னால் ருசித்தே சொல்ல முடியும் என்றார். பக்கத்தில் இருந்தவர் ரொனால்டு ஃபிஷர். புள்ளியியல் மேதை. "அதெப்படி முடியும்?" என்று முதலில் சிரித்தார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. "சோதித்துப் பார்ப்போம்" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்ததும் சோதனையில் இறங்கிவிட்டார்! அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில். நான்கில் டீ முதலில். கலைத்து வைத்துவிட வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரிஸ்டல் பொறுக்கி எடுக்க வேண்டும். 1935இல் ஃபிஷர் எழுதிய சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இது வருகிறது. இன்றைக்கு மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பவர்களும் இதே யோசனையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஏன் எட்டு? இரண்டே கோப்பை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி நேரம் சரியாக வரும். அதிர்ஷ்டமா, ருசி அறிவா என்று தெரியாது. நான்கு கோப்பை வைத்து இரண்டைப் பொறுக்கச் சொன்னால்? எத்தனை விதமாகப் பொறுக்கலாம்? கோப்பைகளுக்கு 1, 2, 3, 4 என்று பெயர் வை. 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4. ஆறு விதம். ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆறு கோப்பையில் மூன்றைப் பொறுக்க 20 விதம். எட்டில் நான்கைப் பொறுக்க 70 விதம். எழுபதில் ஒன்று அதிர்ஷ்டத்தால் வருவது கஷ்டம் இல்லையா? அதனால் எட்டையும் சரியாகச் சொன்னவருக்கு நிஜமாகவே ருசி தெரியும் என்று நம்பலாம்.

நீயும் வீட்டில் செய். பெரியவர் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வகைத் தூள் போதும். ஒரே தண்ணீர், ஒரே அளவு கரண்டி, ஒரே நேரம். பாலும் சர்க்கரையும் வேண்டாம். எட்டு சின்ன டம்ளரின் அடியில் பெயர் எழுதி ஒட்டு. நிறத்தைப் பார்த்து யூகிக்காமல் இருக்க, ருசிப்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். டம்ளரைக் கலைப்பவர் ருசிப்பவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. முகம்கூடக் காட்டிக் கொடுத்துவிடும்!

பிள்ளைகள் ருசிப்பாளர் மாதிரி உறிஞ்சித் துப்பிவிடுங்கள். டீயில் உள்ள காஃபீன் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பிட்டவுடனேயும் டீ வேண்டாம். முருங்கைக்கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பாலிபீனால் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஒரு நோட்டில் தேதி போடு. தூளின் பெயர் எழுது. நிறம், வாசனை, துவர்ப்பு என்று மூன்று கட்டம் போடு. 'நல்லா இருக்கு' என்று எழுதாதே. அது யாருக்கும் எதுவும் சொல்லாது. 'காய்ந்த வைக்கோல் வாசனை', 'நாக்கின் ஓரத்தில் இழுக்கிறது' என்று எழுது.

ருசித்து முடித்ததும் மீதி டீயில் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழி. நிறம் வெளுத்து, பொன் மாதிரி ஆகும். தியாருபிஜின் புளிப்பில் நிறம் குறைந்துவிடும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடு. கறுத்துவிடும். இதை மட்டும் குடிக்காதே, கீழே ஊற்றிவிடு.

கடைசியாக ஒரு கணக்கு. பத்து டம்ளர் வைத்து ஐந்தைப் பொறுக்கச் சொன்னால் எத்தனை விதம்? கணக்கு டீச்சரிடம் ஓடுவதற்கு முன்னால், 6, 20, 70 எப்படி வந்தது என்று பார்த்து நீயே போட்டுப் பார். விடையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவை.